பத்துப் பொருத்தம்

ரவை வாங்கப் போகிறேன் என்றால்
எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி
உப்புமாவா என்பாள்.
நான் மறுப்பதில்லை.
பெரம்பூரில் ஏறிய ஷேர் ஆட்டோவில்
நீளப் பெட்டியைப் பார்த்து
கீபோர்டா அக்கா என்கிறான் ஒரு பையன்.
அதற்கும் ஆமாம்தான்.

செங்குன்றம் தாண்டி ஆலமாதி.
காலை ஏழு மணி, காற்றுக்கொடி அசையவில்லை.
முதுகில் வியர்வை மட்டும் அசைகிறது.

செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி.
கோவைக்காரர் ஒருவர் கண் மங்கியதும் விற்றது.
வேப்பேரி அலுவலகப் படிகளில்
நாலு மாதம் ஏறி இறங்கி
உரிமத்தில் சேர்த்தேன்.
குழலுக்குள் ஆறு வரிப்பள்ளம்,
பதினாறு அங்குலத்தில் ஒரே ஒரு சுற்று.
இரண்டரை கிராம் ஈயத்துக்கு அது போதும்.
போதாமல் போனால்
சாட்டை தளர்ந்த பம்பரமாய்க் குண்டு தலையாட்டும்;
தாளில் வட்டம் விழாது,
நெல்மணி போலப் படுத்த ஓட்டை விழும்.
கோச் ஃபேக்டரியில் நாளெல்லாம் மரை வெட்டுகிறேன்,
எனக்கா தெரியாது,
புரி மாறினால் நட்டு ஏறாது.

அறை வேறு இறுக்கம்.
போட்டிக்கென்றே குடைந்தது.
சில தோட்டாக்கள் வாசலிலேயே நின்றுவிடும்.
கட்டைவிரலால் தள்ளக் கூடாது.
ஒரு நாள் தள்ளினேன்.
சுடாமல் வெளியே இழுத்தபோது
குண்டு உள்ளேயே தங்கிவிட்டது,
மருந்துத்தூள் என் மடியில் கொட்டியது.
அன்றைய பயிற்சி அதோடு சரி.

இன்று ஐந்து பெட்டிகள்.
ஒரே கம்பெனி, ஒரே பச்சை அட்டை,
பக்கவாட்டில் அச்சடித்த எண் மட்டும் வேறு வேறு.
ஒரே அரிசி ஒரே உளுந்து என்றாலும்
நேற்று புளித்த மாவும் இன்று புளித்த மாவும்
ஒன்றா என்ன?

ஜாதகக்காரருக்குப் பத்துப் பொருத்தம்.
எனக்குப் பத்து என்பது
ஐம்பது மீட்டர் தள்ளி
பத்தரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம்.

குழலை இடுக்கியில் கட்டினேன்.
என் கை இல்லை, என் மூச்சு இல்லை,
பழி போட ஆளே இல்லை.
பி.எஃப். லோனில் வாங்கிய இரண்டாயிரம் இருக்கிறதே,
அதன் பத்துக் குண்டுகளை
ஒரு ரூபாய் நாணயத்தால் மூட முடியவில்லை.
அடுத்த இரண்டும் சுமார்.
நாலாவதை
யாரும் வாங்காத ஐம்பது பைசாவே மூடியது.

நாலாவது பெட்டி ஜெசிந்தா கொடுத்தது.
போன மாதம் தேர்வுப் போட்டியில்
தோட்டா தீர்ந்ததென்று என்னிடம் ஐம்பது வாங்கினாள்,
அதற்குப் பதில்.
கிளப் லாக்கரில் அந்த எண்
அவளிடம் ஆயிரத்து ஐந்நூறு கிடக்கிறது.
என்னை அவள் முந்தியது புள்ளி ஏழில்.
கடைசி ஐம்பது என்னுடைய ரவை.

இது எனக்கு உறைக்க
ஒரு வாட்டர் பாட்டில் முழுக்கக் குடிக்க வேண்டியிருந்தது.
ஐந்தாவது பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் வந்தாள்.
தாளை மறைத்திருக்கலாம்.
பையில் இடம் இருந்தது.
நாணயத்தோடு நீட்டினேன்.

பார்த்தாள்.
"உன் ரவையில சுட்ட அன்னிக்கே தெரியும்" என்றாள்.
"ஒரு மாசமா ஏன் சொல்லல?"
"நீ ஏன் இப்ப சொல்ற?"

இரண்டுக்கும் பதில் இல்லை.
அய்யாத்துரை பதிவேட்டைத் திறந்து
யார் கொடுக்கறது, யார் வாங்கறது என்றார்.
ரெண்டு பேரும் ரெண்டும், என்றோம்.
அதற்குக் கட்டம் இல்லையென்று
இரண்டு வரியாக எழுதினார்.
ஆயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
மாநில அணியில் காலி இடம் ஒன்று.

மதியம் கடல்காற்று இவ்வளவு தூரம் வந்து
கொடிகளை மேற்கே திருப்பியது.
ஜெசிந்தா கிளம்பிப் போயிருந்தாள்.
மேஜையில் தாள் இருந்தது,
ஐம்பது பைசாவைக் காணோம்.
போன் செய்து கேட்கவில்லை.